வெளிநாட்டில் இருந்துகொண்டு வலைப்பூ எழுதுபவர்களுக்கு: வீட்டில் படிப்பார்களே என்று எழுதாமல் விட்டது உண்டா?

கீற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படித்துவிட்டுப் போகிறவளாகவே இருந்தேன். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும் போலிருக்கிறது.

வெளிநாடு வந்து 6 வருடம். வந்த வாரமே வலைப்பூ ஆரம்பித்தேன். முதல் 2 வருடத்தில் 140 பதிவு, அடுத்த 3 வருடத்தில் 60. கடந்த 11 மாதமாக ஒன்றுகூட இல்லை. நேரம் இல்லை என்று சொன்னால் அது பொய். வரைவில் 17 பதிவுகள் கிடக்கின்றன. எதையும் வெளியிட மனசு வரவில்லை.

காரணம் அப்பா. ஒரு பதிவு விடாமல் படிப்பார். மறுநாள் காலை செய்தி வரும்: "மூன்றாவது பத்தியில் ஒற்று மிகாது, திருத்திவிடு." அவருக்காகவே எழுதிய பதிவுகள் எத்தனையோ.

போன வருடம் எனக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை கிடைக்க நாலரை மாதம் ஆனது. விசாவும் அந்த வேலையை நம்பியே இருந்ததால் அந்த நாட்களில் தூக்கமே இல்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. காலை 8 மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். இரண்டாம் மாடி, ஜன்னலோர மேசை. அங்கே உட்கார்ந்துதான் விண்ணப்பம் அனுப்புவேன். மதிய இடைவேளை நேரத்தில் அப்பா வீடியோ காலில் வருவார். "ஆபீஸ் அமைதியா இருக்கே" என்பார். "ஆமாம்ப்பா" என்பேன்.

அந்த நாலரை மாதத்தில் இரண்டு பதிவு போட்டேன். ஒன்று இலையுதிர் காலத்து மரங்கள் பற்றி, இன்னொன்று புதிதாக வாங்கிய சைக்கிள் பற்றி. இரண்டிலும் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் இப்போது எடுத்துப் படித்தால் என் கையெழுத்தில் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. அதற்குப் பிறகு எழுத வரவில்லை. இப்போது வேலை இருக்கிறது, எல்லாம் சரியாகிவிட்டது. எழுத்து மட்டும் திரும்பவில்லை.

உங்களில் யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

---

தாழ்வாரம் எழுதியது:

கீற்று, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டவள்தான். நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யவேண்டாம்.

வீட்டுக்குத் தெரிந்த வலைப்பூவை அப்படியே வைத்துக்கொண்டு, புனைபெயரில் இன்னொன்று தொடங்கினேன். முதலில் பெரிய விடுதலையாக இருந்தது. குழந்தை பிறந்த பிறகு வந்த மனச்சோர்வு, கணவரோடு நடந்த சண்டை, எல்லாம் அங்கே எழுதினேன். முதல் வலைப்பூவில் குழந்தையின் படம் போட்டேன். 8 மாதத்தில் என்ன ஆனதென்றால், எதைப் பார்த்தாலும் இது எந்தப் பக்கத்துக்கு என்று மனசு முதலில் பிரித்துவிடும். நல்லது அங்கே, கெட்டது இங்கே. ஒரு நாள் என்பது அப்படிப் பிரிந்தா இருக்கிறது? அழுத அதே சாயங்காலம் குழந்தை முதல்முறையாகக் குப்புற விழுந்தது. அதை எந்த வலைப்பூவில் எழுதுவது? இரண்டிலும் எழுதவில்லை. கொஞ்ச நாளில் இரண்டுமே நின்றுவிட்டன.

அதனால் அப்பாவுக்குத் தெரியாமல் தனிப் பக்கம் என்ற யோசனை உங்களுக்கு வந்தால் தள்ளிவிடுங்கள். ஆறப்போட்டு எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து. நடக்கும்போதே எழுதி வரைவில் வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, காயம் ஆறியபின் வெளியிடுங்கள். "இப்படி இருந்தது, இப்போது சரியாகிவிட்டது" என்று படிக்கும் அப்பாவுக்குத் தூக்கம் கெடாது.

---

மின்மினி எழுதியது:

தாழ்வாரம் அக்கா, ஆறின கஞ்சி பழங்கஞ்சி இல்லையா? நடந்த சூட்டில் வெளியிடுவதற்கு ஒரு உயிர் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துப் போட்டால் அது நினைவுக் குறிப்பு ஆகிவிடாதா?

நான் படிக்க வந்து 5 வாரம்தான் ஆகிறது. எழுத நினைக்கிறேன், என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பயணக் கட்டுரை போல ஆகிவிடுமோ என்று தயக்கம். இன்னொன்று, வலைப்பூவில் விளம்பரம் போட்டுக் கொஞ்சம் வருமானம் பார்க்கலாமா?

---

தாழ்வாரம் எழுதியது:

தம்பி, சூட்டில் எழுதுங்கள், ஆறியபின் வெளியிடுங்கள் என்றுதான் சொன்னேன். எழுதும் நாளும் வெளியிடும் நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அந்த நாளின் சூடு வரைவிலேயே இருக்கும், எங்கேயும் போகாது.

என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். 5 வாரம்தான் என்றால் இன்றைக்கே உட்கார்ந்து எழுதவேண்டியவர் நீங்கள்தான். இப்போது உங்கள் கண்ணில் படுவது இன்னும் நாலு மாதத்தில் படாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பேருந்தில் யார் யார் பக்கத்தில் உட்காருவதில்லை, கடைக்காரர் மீதியைக் கையில் கொடுக்கிறாரா தட்டில் வைக்கிறாரா, மாலை எத்தனை மணிக்குத் தெருவில் சத்தம் அடங்குகிறது. இதெல்லாம் பழகிவிட்டால் மறைந்தே போகும். எனக்கு முதல் மாதம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. அன்றைக்குக் குறித்து வைத்த 9 பதிவு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. சுற்றிப் பார்த்த இடத்தைப் பற்றி எழுதத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே. நீங்கள் சாவியைத் தப்பான பக்கம் திருப்பிய கதையை எழுதுங்கள்.

---

பழைய ஏடு எழுதியது:

மின்மினி, விளம்பரம் பற்றி நான் சொல்கிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக்கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. விளம்பர வருமானம் அதற்குள் வருமா என்பதை உங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை விளம்பரம் போடவேண்டாம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது, ஆனால் கணக்கு ஒரு நாட்டோடு கட்டப்பட்டது. நாடு மாறினால் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். சில்லறைக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள் தம்பி.

கீற்று, உங்கள் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்பவர்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்கிறேன். அந்த 17 வரைவும் எங்கே இருக்கின்றன? வலைப்பூவின் உள்ளே மட்டும்தானா? அப்படியென்றால் இன்றிரவே ஒரு பிரதி எடுங்கள். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியபோது எத்தனையோ பேர் வருடக்கணக்கில் எழுதியது ஒரே நாளில் போனது. 2013 ஜூலையில், பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் நின்றபோது எழுத்து போகவில்லை, படிக்கிறவர்கள் போய்விட்டார்கள். நான் தொடர்ந்து படித்துவந்த பலருடைய பக்கம் இன்று எங்கே என்றே தெரியாது.

இடம் பெரிய விஷயமே இல்லை. ஒரு தமிழ் எழுத்துக்குறி, கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், 3 பைட். ஆயிரம் சொல் உள்ள பதிவு 25 அல்லது 30 கிலோபைட் வரும். உங்கள் 200 பதிவும் சேர்ந்து நீங்கள் கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று புகைப்பட அளவுதான்.

ஒரு எச்சரிக்கை. கூகுளின் வலைப்பூ சேவையான பிளாகரில் எடுக்கும் எக்ஸ்எம்எல் கோப்புப் பிரதியில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. படத்தின் முகவரி மட்டும்தான் இருக்கும். படங்களைத் தனியாக எடுக்கவேண்டும்.

---

கடைசிப்பெஞ்சு எழுதியது:

பழைய ஏடு ஐயா சொல்வதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வலைப்பூ உயிரோடுதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என்னால் மட்டும் உள்ளே போகமுடியாது.

வெளிநாடு கிளம்பும்போது ஊர் சிம்மை ஒரு பழைய கைபேசியில் போட்டு எடுத்து வந்தேன். ரீசார்ஜ் செய்ய மறந்து மறந்து, ஒரு கட்டத்தில் எண்ணே கைவிட்டுப் போய்விட்டது. அது வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது கூட எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் மடிக்கணினி பழுதாகி, புதியதில் உள்நுழையப் பார்த்தால், சரிபார்ப்புக் குறியீட்டை அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டோம் என்கிறது. புதிய நாடு, புதிய கருவி, பழைய எண் இல்லை. அது நான்தான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. மூன்று வாரம் முயன்றேன். கடவுச்சொல் சரி, பழைய கேள்விகளுக்குப் பதிலும் சரி. முடியவில்லை.

அதில் என் பாட்டி சொன்ன கதைகள் 11 இருக்கின்றன. பாட்டி இப்போது இல்லை. ஒரு கதையில் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு எழுதியிருக்கிறேன், அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல் கண்ணில் படும். திருத்த முடியாது.

கிளம்புவதற்கு முன்பே செய்யவேண்டியது இது. சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியிலிருந்து, கைபேசியிலேயே குறியீடு உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். கூகுள் 10 மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இன்னொரு பிரதி வீட்டில் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும்.

---

பழைய ஏடு எழுதியது:

கடைசிப்பெஞ்சு, அந்த 11 கதையையும் இன்றே பக்கத்தைத் திறந்து அப்படியே நகல் எடுத்து வையுங்கள். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் யாரும் உள்நுழையாத கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதியை மாற்றியிருக்கிறது. நீங்கள் உள்ளே போகமுடியாத கணக்கு அது. பொறுத்திருக்கவேண்டாம். புதிய வலைப்பூ தொடங்கி, அந்தச் சொல்லைத் திருத்தி, கதைகளை மறுபடி வெளியிடுங்கள். பாட்டியின் கதை அந்த முகவரியில்தான் இருக்கவேண்டும் என்பதில்லையே.

சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப்பிக்கும் நினைவூட்டல் பழைய மின்னஞ்சலுக்கும், பணம் கேட்கும் கோரிக்கை காலாவதியான பழைய வங்கி அட்டைக்கும் போவதுதான் நாடு மாறியவர்களின் பொதுவான விபத்து. டாட் காம் போன்றவற்றில் பெயரைப் பதிவுசெய்து கொடுத்த நிறுவனம் அதை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு, கட்டணம் கூடுதல். அது போய்விட்டால் 5 நாளில் பெயர் பொதுவில் வந்துவிடும். முகவரியின் கடைசியில் குடியிருக்கும் நாட்டின் பின்னொட்டை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சில பின்னொட்டுகளுக்கு அங்கே வசிக்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின் (பிரெக்சிட்) 2021-ல் அங்கே இருந்த பலர் அந்த ஒன்றியத்தின் டாட் இயு முகவரியை இழந்தது அப்படித்தான்.

---

கடைசிப்பெஞ்சு எழுதியது:

ஐயா, 11-ஐயும் எடுத்துவிட்டேன். இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. உள்ளே போகவேண்டும், உள்ளே போகவேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றி.

---

வாசல்விளக்கு எழுதியது:

இந்த இழையில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. நான் வெளிநாட்டில் இல்லை, வலைப்பூவும் எழுதுவதில்லை. என் மகள் எழுதுகிறாள். நான் படிக்கிறவன். கீற்று சொல்லும் அந்த அப்பாவின் பக்கத்தில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு என் மகளுக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. சின்னதுதான், ஆனால் அங்கே தனியாக இருந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வலைப்பூவில் எழுதினாள். தாழ்வாரம் சொல்வது போல ஆறப்போட்டுத்தான் எழுதியிருந்தாள். மயக்க மருந்து கொடுக்கும்முன் செவிலியர் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாராம். இவள் தமிழில் எண்ணினாளாம். ஏழு வரைக்கும் நினைவிருக்கிறதாம். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். கீழே 34 பின்னூட்டம். யார் யாரோ "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நான் முப்பத்தைந்தாவது ஆளாக அதைப் படித்தேன்.

அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை அம்மா. நலமாகிவிட்டாள் என்பதும் அதே பதிவில் இருந்ததே. முகம் தெரியாத 34 பேரோடு வரிசையில் நின்று தெரிந்துகொண்டேனே, அதுதான் வலித்தது. என் மனைவி அந்தப் பதிவை இன்றுவரை முழுதாகப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். என்ன வேண்டுமானாலும் எழுது, யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுது, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வெளியிடுவதற்கு முன்னால் போனில் ஒருமுறை சொல்லிவிடு. அனுமதிக்காக இல்லை, எங்களுக்கு முதலில் தெரியவேண்டும், அவ்வளவுதான். இன்றுவரை அப்படியே நடக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் மூன்று வாரம் எதுவும் எழுதாமல் இருந்தால் நாங்கள் பேசிக்கொள்வோம், என்னமோ இருக்கிறது என்று. உங்கள் அப்பா 11 மாதமாக அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருப்பார். அதில் ஒன்றும் இல்லை என்பதையே அவர் படித்திருப்பார்.

---

தாழ்வாரம் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆறப்போடுங்கள் என்று நான் சொன்னது போதாது என்று இப்போது புரிகிறது. ஆறியபின் எழுதினாலும், வீட்டுக்கு முதலில் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது அன்றைக்கு நடந்த மாதிரிதான். என் மனச்சோர்வு பற்றி என் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்தப் புனைபெயர் வலைப்பூ இணையத்தில் அப்படியேதான் இருக்கிறது. யாராவது சொல்லி அவருக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

---

மின்மினி எழுதியது:

வாசல்விளக்கு ஐயா, நான் நேற்று இரவு முதல் பதிவு எழுதினேன். வந்த இரண்டாம் நாள் தப்பான ரயிலில் ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கி, திரும்பி வர வண்டி இல்லாமல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. அம்மாவிடம் இதைச் சொன்னதே இல்லை. வெளியிடும் முன் போன் செய்தேன். முதலில் திட்டினார். பிறகு, "பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார். ஒரு வயதான அம்மா தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்ததைச் சொன்னேன். அந்தக் கையுறை பதிவில் இல்லவே இல்லை. போனில் சொல்லும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சேர்த்துத்தான் வெளியிட்டேன்.

---

பழைய ஏடு எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. வலைப்பூவின் நேர மண்டலத்தை அமைப்பில் சரிபாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் அது வேறு நாட்டு நேரத்தில் இருக்கும், பதிவின் தேதி ஒரு நாள் முன்பின் காட்டும். இப்போது அது பெரிதாகத் தெரியாது. பத்து வருடம் கழித்து எந்த நாள் என்று தேடும்போது தெரியும்.

---

கீற்று எழுதியது:

நாலு நாளாக இந்த இழையைத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருந்தேன். பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு மன்னியுங்கள்.

முதலில், பழைய ஏடு ஐயா சொன்னபடி எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டேன். படங்களையும் தனியாக எடுத்தேன். அப்படி எடுக்கும்போது 17 வரைவையும் வரிசையாகப் படித்தேன். அவற்றில் 12 நூலகத்தில் உட்கார்ந்து எழுதியவை. ஒரு வரைவில் எதிர் மேசைக்காரர் பற்றி இருக்கிறது. அவரும் தினமும் பையோடு 8 மணிக்கு வருவார், கட்டிய டை, பளபளப்பான காலணி. இரண்டு மாதம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் அவர் வரவில்லை. அன்றைக்கு நான் எழுதியிருப்பது: "அவருக்குக் கிடைத்துவிட்டது." இந்த வரியை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நேற்று வாசல்விளக்கு ஐயா சொன்னபடி அப்பாவிடம் போனில் சொன்னேன். வேலை போனது, நாலரை மாதம், விசா, எல்லாம். அவர் இடையில் ஒன்றுமே கேட்கவில்லை. நான் முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "வீடியோல பேசறப்ப உன் பின்னால புத்தக அலமாரி தெரியும்மா. ஆபீஸ்ல யார் இவ்வளவு புத்தகம் வெச்சிருக்கான்னு நினைச்சேன். ரெண்டு நாள் ஒரே அலமாரி, அப்புறம் வேற. அது லைப்ரரின்னு உங்கம்மாதான் சொன்னா."

தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கிறார்கள். "ஆபீஸ் அமைதியா இருக்கே" என்று அவர் சொன்னதெல்லாம், நானாகச் சொல்வேன் என்று கதவைத் திறந்து வைத்ததுதானாம். நான்தான் ஒவ்வொரு தடவையும் "ஆமாம்ப்பா" என்று சாத்தியிருக்கிறேன்.

எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "எழுது. ஒற்று மட்டும் பார்த்துப் போடு" என்றார்.

எதிர் மேசைக்காரர் பற்றிய வரைவைத்தான் முதலில் வெளியிடப்போகிறேன். அவர் முகமோ எந்த ஊர் நூலகம் என்பதோ அடையாளம் தெரியாதபடி சிலவற்றை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், பழைய ஏடு ஐயா. வரைவு எழுதிய தேதியிலேயே வெளியிடலாமா, இன்றைய தேதியா?

---

பழைய ஏடு எழுதியது:

இன்றைய தேதியே போடுங்கள் அம்மா. பழைய தேதி கொடுத்தால் பதிவு பழைய மாதத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும், முகப்பில் வராது, புதுப் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் ஓடையில் பின்தொடர்பவர்கள் கண்ணிலும் படாமல் போகலாம். எழுதிய தேதியை மேலே ஒரு வரியில் குறித்துவிடுங்கள். உங்கள் அப்பா முகப்பைத்தான் திறந்து பார்ப்பார்.